பாலை விட்டது ஒரு கணக்கு, எடை குறைத்தது வேறு கணக்கு

"வீகன் ஆனதாலதான் இப்படி இளைச்சுட்டீங்களா மேடம்?" என்று கம்பெனியில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வீகன் என்றால் விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடாமலே ஒருவர் தாராளமாகக் குண்டாகலாம். வெண்ணெய் சேர்க்காத முறுக்கு வீகன். உருளைக்கிழங்கு சிப்ஸ் வீகன். வெங்காய பஜ்ஜி, மெதுவடை, வீட்டுப் பூரி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கலர் சோடா எல்லாமே வீகன்தான். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசியை ஒரு வீகன் மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிடலாம். இடுப்புக்குத்தான் அது ஒத்துவராது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 44. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஷிப்மென்ட் சமயத்தில் அதுவும் மேஜையிலேயே முடிந்துவிடும். உயரம் 157 செ.மீ., ஆரம்பத்தில் எடை 74 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் உடல் நிறை எண் கணக்குப்படி அது 30. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நான் இரண்டு எல்லையையும் எப்போதோ தாண்டியிருந்தேன்.

ஆனால் பாலை விட்டது இதற்காக இல்லை. அம்மா வீடு காங்கேயம் பக்கம். மாடு என்றால் எங்கள் ஊருக்குப் பெருமை என்பார்கள். கட்டுத்தறியில் நிற்பதெல்லாம் இப்போது ஜெர்சி கலப்புதான். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில் காளைக்கன்று பிறந்தால் அதற்கு வேலையே இல்லை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. "கன்னுக்குட்டி எங்கம்மா?" என்று கேட்டால், "சந்தைக்குப் போயிருச்சு கண்ணு" என்பார் அம்மா. அந்தப் பதிலைப் பல வருஷம் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் பால் இறங்கவில்லை. இதை யார் மேலும் திணிப்பதில்லை. அம்மா இன்னமும் மாடு வைத்திருக்கிறார். நாங்கள் சண்டை போட்டதும் இல்லை.

ஆக, என்னிடம் இரண்டு பேரேடுகள். எதைத் தொடுவதில்லை என்பது ஒன்று. தொடுவதில் எவ்வளவு என்பது இன்னொன்று. முதலாவதில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரண்டாவதில் தானாக எதுவும் வரவு ஏறாது. இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

எடை இறங்க ஆரம்பித்ததற்கு முதல் காரணம் டீ. வீட்டில் காலையில் ஒரு காபி, கம்பெனியில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ, ராத்திரி வந்ததும் இன்னொன்று. ஒரு டம்ளரில் 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 100 கலோரி. நாலு டம்ளருக்கு 400. பாலை விட்டதும் வரக்காப்பிக்கு வந்தேன். பால் ஊற்றாத காபிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அதில் அரை ஸ்பூன் கருப்பட்டி, அவ்வளவுதான். கருப்பட்டி என்றால் அள்ளிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு அண்ணன் தம்பிதான்.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி என்பது பொதுவான கணக்கு. நாளைக்கு 350, 400 கலோரி குறைந்தால் காகிதத்தில் மாதம் ஒன்றரைக் கிலோ இறங்க வேண்டும். உடம்பு காகிதத்தைப் பார்த்து நடப்பதில்லை. அதில் பாதி இறங்கினாலே நல்ல மாதம். இந்த இடத்தில் பலருக்கு வழுக்குவது, பாலுக்குப் பதிலாக அட்டைப்பெட்டியில் வரும் ஓட்ஸ் பாலையும் பாதாம் பாலையும் வாங்குவதில்தான். பல வகைகளில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். பாதாம் பால் என்று விற்பதில் பெரும்பகுதி தண்ணீர், புரதம் பெயருக்குத்தான். பால் மாதிரி ஒன்று வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத சோயா பால் வாங்குங்கள். புரதத்தில் அது பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்தது எண்ணெய். இது சமையலறையின் கறுப்புப் பணம். கணக்கில் வராமல் புழங்கும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அது மரச்செக்கில் ஆட்டியதா, பாக்கெட்டில் வந்ததா என்று உடம்பு பார்ப்பதில்லை. நெய்யை விட்ட வீட்டில் அந்த இடத்துக்கு நல்லெண்ணெய் வந்து உட்கார்ந்துகொள்ளும். "நெய் போடாட்டி நல்லெண்ணெயாவது ரெண்டு கரண்டி ஊத்திக்கோ கண்ணு, தொண்டை காஞ்சிரும்" என்பார் அத்தை. எங்கள் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மேலே அப்படித்தான் ஊற்றுவோம்.

கரண்டி கரண்டியாக அளப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் தலைகீழாகப் போனேன். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புது உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு அதில் எண்ணெய் நாளைக்கு 27 கிராம். நாலு பேர், 30 நாள் என்று பெருக்கினால் 3240 கிராம், ஏறத்தாழ மூன்றரை லிட்டர். எங்கள் வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சேர்த்து மாதம் ஆறு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். மாத ஆரம்பத்தில் மூன்றரை லிட்டரை மட்டும் வாங்கி வைத்தேன். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். முதல் தடவை கடைசி வாரத்தில் வடச்சட்டி ஏறவே இல்லை. அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: பொரியலுக்குத் தாளித்ததும் காயைப் போட்டு, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி வைத்துவிடுவது. ஆவியிலேயே வெந்துவிடும், கடைசியில் திறந்து ஒரு கிளறு கிளறினால் சரி.

தேங்காயும் இதே ரகம். 100 கிராம் தேங்காயில் 350 முதல் 400 கலோரி இருக்கிறது. வீகன் குழம்புகளில் பாலுக்கும் தயிருக்கும் பதில் எங்கே பார்த்தாலும் தேங்காய்ப் பால். முந்திரி அரைத்து ஊற்றுவது இன்னொரு பழக்கம். சட்னிக்கு ஒரு மூடி முழுக்கத் துருவினால் நாலு பேருக்கும் தலைக்கு நூறு கலோரிக்கு மேல் போகும், இட்லிக்கு முன்னாலேயே. நாங்கள் பாதி மூடியோடு பொட்டுக்கடலையும் புதினாவும் சேர்த்து அரைக்கிறோம். வாரத்தில் பாதி நாள் தக்காளிச் சட்னி, பீர்க்கங்காய்த் தோல் துவையல். தேங்காய் இல்லாமல் கொங்குச் சமையல் இல்லை, அதனால் அதை ஒழிக்கவெல்லாம் முயலவில்லை.

சாதத்துக்கு வருவோம். அரிசியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. தட்டில் குறைப்பதை விட உலையில் குறைப்பது சுலபம் என்று மட்டும் சொல்வேன். பானையில் சாதம் இருந்தால் கை போகும்; இல்லையென்றால் பேச்சே இல்லை. மதியத்துக்கு நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி போட்டுக்கொண்டிருந்ததை ஒன்றேகால் ஆக்கினோம். குறைந்த இடத்தைப் பொரியலும் பருப்பும் பிடித்துக்கொண்டன. வீட்டுக்காரர் முதல் வாரம் முறைத்தார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. சாமை, வரகு, தினை எல்லாம் நல்லவைதான், நார்ச்சத்து கூடுதல். ஆனால் கலோரியில் அரிசிக்குச் சளைத்தவை இல்லை. சமைக்காத 100 கிராமுக்கு 330, 350 என்று ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. "சாமைச் சோறுதானே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை எப்படிக் குறையும்? எனக்கு அதில் பிடித்தது கம்பும் கேழ்வரகும். கம்மங்கூழ் ஒரு சொம்பு குடித்தால் நாலு மணி பஜ்ஜி நினைவே வராது. கூழுக்கு மோர் ஊற்றுவார்களே என்று கேட்பீர்கள். பழைய சோற்றுத் தண்ணீர் இருக்கிறதே! புளித்த நீராகாரத்தில் கூழைக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தால் மோர் இல்லாத குறையே தெரியாது.

இப்போது இந்தச் சமாச்சாரத்தின் நடு மையம்: புரதம். பாலை விடுகிற பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. இட்லி, சட்னி, சாதம், ரசம், ஒரு கூட்டு, ராத்திரி தோசை என்று போகும். வயிறு நிறையும், இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். எடை குறைத்தாலும் கொழுப்போடு தசையும் கரையும். மேலே சொன்ன 2024 வழிகாட்டியின் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டையும் விதையும் 35, பால் 300 மில்லி. பாலை எடுத்துவிட்டால் சுமார் 10 கிராம் புரதமும் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகின்றன. அதை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

நான் அந்தத் தட்டை எனக்காகக் கொஞ்சம் வெட்டித் தைத்தேன். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளைக்கு 1660 கலோரி போதும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைய 1400 அளவில் வைத்துக்கொண்டேன். தானியம் 150 கிராம், எண்ணெய் 15, கொட்டைகள் 20. இவை வெட்டிய பக்கம். பருப்பு 85, காய்கறி 400 இரண்டிலும் கை வைக்கவில்லை. பாலுக்குப் பதில் மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டை 30 கிராம். கூட்டிப் பார்த்தால் புரதம் 60 கிராம் பக்கம் வருகிறது. கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பொதுவான அளவு. எடை குறைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது என்பதால் 60 எனக்குச் சரியாக இருந்தது.

மீல் மேக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சமைக்கத் தெரியாமல் வெறுத்தவர்கள் அதிகம். காய்ந்த நிலையில் 100 கிராமில் 52 கிராம் புரதம், கொழுப்பு சொற்பம், விலையும் கம்மி. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு நன்றாகப் பிழிய வேண்டும். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை, நுரை போகும்வரை. அந்த நுரையோடுதான் வாடையும் போகிறது. அப்புறம் மிக்சியில் ஒரே ஒரு சுற்று. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்ததைப் போட்டு, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, தண்ணீர் சுண்டும்வரை பிரட்டினால் முட்டைப் பொடிமாஸ் மாதிரி வரும். ஊறவைத்த பச்சைப்பயறோடு சேர்த்து அரைத்துத் தோசையாகவும் வார்க்கலாம். சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஆகாது என்று ஒரு கதை சுற்றுகிறது. சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆண்களின் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும், அது உண்மை. சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

மற்ற நாட்களுக்குச் சுண்டல் இருக்கவே இருக்கிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி என்று மாற்றி மாற்றி. கம்பெனிக்கு நாலு மணிக்கு ஒரு டப்பா போகும். பருப்பு உருண்டைக் குழம்பில் உருண்டையைப் பொரிக்காமல் ஆவியில் வேகவைப்போம். அடைக்கு மூன்று பங்கு பருப்பு, ஒரு பங்கு அரிசி.

கொள்ளு தனி. எங்கள் ஊரில் கொள்ளுப் பருப்பு கடையாத வீடு இல்லை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குக்கரில் ஆறேழு விசில் விட்டு, வெந்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்ட வேண்டும். மிக்சியில் நைசாக ஓடவிட்டால் பசை மாதிரி ஆகிவிடும். அத்தை இதற்கு மட்டும் இன்றும் ஆட்டுக்கல்லைக் கழுவுகிறார். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதைக் கேட்டுவிட்டு, கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு உருகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் உருகாது. கொள்ளில் 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதமும் நிறைய நாரும் இருக்கின்றன, சாப்பிட்டால் வெகு நேரம் பசிக்காது, அதனால் மற்றதைக் குறைவாகச் சாப்பிடுவோம். வேலை நடப்பது அப்படித்தான். பால் குடிக்காத எனக்குக் கொள்ளோடு எள்ளும் வேண்டியிருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. ஒரு மேஜைக்கரண்டியில் 90, 100 கிடைக்கும். எள்ளுப்பொடியை எண்ணெய் குழைக்காமல் சாதத்தில் தூவிச் சாப்பிடுவேன்.

இவ்வளவு பயறு என்றால் வாயுத் தொல்லை வருமே என்று கேட்பது நியாயம். திடீரென்று அளவைக் கூட்டினால் வரத்தான் செய்யும். முதல் வாரம் தினம் அரைக் கிண்ணம், பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பாதித் தொல்லை போய்விடும். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் நம் பாட்டிமார் சும்மா போடவில்லை. முளைகட்டினால் இன்னும் லேசு.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் எனக்குக் கை கொடுக்கின்றன. கேழ்வரகு 100 கிராமில் 340, 360 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். நாளைக்கு 1000 வேண்டும் என்பதால் ஒவ்வொரு நாளும் எட்டிவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த சோயா பால் ஒரு டம்ளர் அந்த இடைவெளியை அடைக்கிறது. பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அதனால் சத்து இருந்தும் உடம்பில் அதிகம் சேராது. கீரை, பயறு சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம்.

பி12-க்கு மட்டும் சமையலறையில் வழி கிடையாது. இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். தாவர உணவில் நம்பிக்கையான பி12 இல்லை. புளித்த மாவு, பழைய சோறு, கடற்பாசி, ஸ்பைருலினா பாசிப்பொடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறு பொருள், உடம்புக்கு உதவாது. குறைபாடு மெதுவாக வரும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் வருஷக்கணக்கில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அப்புறம் கால் மரத்துப்போகும், ஊசி குத்தும், ஞாபகம் தவறும், காரணமே தெரியாமல் சோர்வாக இருக்கும். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் போதுமான அளவு இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் கெடவும் வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் 1944-இல் வீகன் என்ற சொல்லையே உருவாக்கிய வீகன் சொசைட்டி சொல்லும் அளவு: நாளைக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2000. நான் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டிவிட்டு வாரத்துக்கு ஒன்று போடும் முறையில் இருக்கிறேன். கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டிலிருந்து வருவது. அதனால் சாதாரண மாத்திரையாகக் கேட்டு வாங்குகிறேன்.

அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. பல வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறார். அந்த மாத்திரையை நீண்ட காலம் எடுத்தாலும் பி12 குறையலாம். ஆகவே பால் குடிக்கும் அவருக்கும் சேர்த்தே பரிசோதனை எடுத்தோம். இன்சுலினோ சர்க்கரையைக் கீழிறக்கும் வேறு மாத்திரையோ போடுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சாதத்தைக் குறைத்துவிட வேண்டாம். மாத்திரை அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் எதையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தப் பருப்புக் கணக்கு பொருந்தாது.

உப்பு இன்னொரு சங்கதி. உடம்பைப் பார்க்க ஆரம்பித்ததும் எல்லாரும் இந்துப்புக்கு மாறுகிறார்கள். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. மீனும் பாலும் சாப்பிடாதவருக்கு அயோடின் வருகிற முக்கிய வழியே அயோடின் உப்புதான். எங்கள் வீட்டு டப்பாவில் இருப்பது சாதாரண அயோடின் உப்பு.

தயிரைப் பற்றி எழுதாமல் போனால் யாரும் விட மாட்டீர்கள். நிலக்கடலைத் தயிர் செய்யலாம். ஒரு டம்ளர் கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலை உரித்து, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். அந்தப் பாலை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்பைக் கழுவிப் போட்டு மூடிவிட்டால் மறுநாள் உறைந்திருக்கும். உறை மோருக்குப் பதில் காம்பு என்றதும் அத்தை சிரித்தார், உறைந்ததைக் கரண்டியால் வெட்டிப் பார்த்துவிட்டு, "அட, வெட்டுப்படுதே!" என்றார். ஒரு தடவை உறைந்துவிட்டால் அதிலேயே கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு ஊற்றிக்கொள்ளலாம். கடலை வாடை லேசாக இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துத் தயிர்சாதமாக்கினால் தெரியாது. ஆனால் ஒரு டம்ளர் கடலை என்பது 800 கலோரிக்கு மேல். எடை குறைக்கிறவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். தினப்படிக்குச் சோயா பாலில் அதே மாதிரி உறைய வைப்பது மேல்.

எடை ஒரே கோட்டில் இறங்கவில்லை. முதலில் வேகமாகப் போனது, அதில் பாதி தண்ணீர். 70-க்கு வந்ததும் மாதக்கணக்கில் நகரவே இல்லை. எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு என்பதால் பழைய சாப்பாடே புது எடைக்குச் சரியாகிவிடுகிறது. அப்போது சாப்பாட்டை மேலும் வெட்டாமல் நடையைக் கூட்டினேன், கையில் சின்ன டம்பெல் எடுத்தேன். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பெண்கள் அதற்கு ஷாம்பூவைக் குற்றம் சொல்வார்கள். இப்போது 65, 66-இல் நிற்கிறேன். உடல் நிறை எண்ணில் 23 என்ற எல்லைக்குள் வர 57 கிலோ பக்கம் இறங்க வேண்டும். அவசரமில்லை. இடுப்பு அளவு நாடாவில் இறங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு அது போதும்.

வெளியில் சாப்பிடும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்துப் பயனில்லை. பச்சைப் புள்ளி போட்ட பிஸ்கட்டிலும் பன்னிலும் பால் பவுடர் இருக்கலாம். வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்தும் மேலே ஒரு சின்னச் செடியும் இருந்தால் அது வீகன். ஓட்டலில் இட்லி சாம்பார் கேட்டாலே சாம்பார் மேல் நெய் மிதக்கும் ஊர் இது. பரோட்டா மாவில் முட்டையும் பாலும் இருக்கலாம். "நெய், வெண்ணெய் வேண்டாம், எண்ணெயும் கம்மியா" என்று ஆர்டரோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தோசைக்கல்லில் முந்தைய ஆளின் நெய் ஒட்டியிருக்குமே என்று துருவித் துருவிக் கேட்பதில்லை. அந்த அளவுக்குப் போனால் வீட்டை விட்டு வெளியே வர முடியாது.

கல்யாணப் பந்தியில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பருப்பு விழுந்த அடுத்த நொடி நெய்க் கிண்ணம் வந்துவிடும். பருப்பு பரிமாறுகிறவர் நகர்வதற்குள் இலைக்கு மேல் கையை வைத்து, "நெய் வேண்டாங்க" என்று முந்திக்கொள்ள வேண்டும். பொரியலையும் கூட்டையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குவேன்; அவியலில் தயிர் இருக்கும், விட்டுவிடுவேன். "பாயாசம் கூட வேண்டாமா? பொண்ணு வீட்டுக்காரங்க மனசு கஷ்டப்படும்" என்று பக்கத்து இலைப் பெரியம்மா சொன்னால், "சர்க்கரைங்க பெரியம்மா" என்பேன். அது எனக்கில்லை, அத்தைக்கு என்பதை அவர் கேட்பதில்லை. தாம்பூலப் பையில் வரும் தேங்காயை அத்தையிடம் கொடுத்துவிடுவேன். பாதி மூடி சட்னிக்கு, மீதி பிரிட்ஜில்.